ஆறாவது சொல்

இன்னும் இரண்டு மணி நேரமே பாக்கி இருந்தது. ஐந்து மணிக்குள் கணக்கு வாத்தியாரின் ஆறு சொற்கள் உள்ளே போகாவிட்டால், ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு ஓட்டும் செல்லாது. அத்தனையும் நோயாளிகள் படுக்கையில் கிடந்தபடி போட்ட ஓட்டு.

பூட்டுக்காரி மூன்றாவது மாடிக்கு நடந்தே ஏறினாள். மேல் வீட்டில் தொற்று என்று தெரிந்த அன்றே குடியிருப்புக்காரர்கள் லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். தலை முதல் கால் வரை மூடிய கவச உடைக்குள் வியர்வை ஊற்றியது. முதல் மாடியில் ஒரு கதவு விரற்கடை அளவு திறந்தது.

"கைப்பிடியத் தொடாத! தொட்டா நீயே தொடச்சுட்டுப் போ."

"தொடலைங்க."

"பார்த்துட்டுத்தான் இருக்கேன். எறங்கும்போதும் பார்ப்பேன்."

கதவு சாத்திக்கொண்டது.

பூட்டுக்காரி என்பது தேர்தல் அலுவலகத்தில் அவளுக்கு விழுந்த பேர். நோயாளிகளின் ஓட்டை வாங்கும் செயலிக்குப் பூட்டு எழுதியவள் அவள்தான். பெட்டி கிடையாது, சீட்டு கிடையாது. ஓட்டு விழுந்த நொடியே பூட்டிக்கொள்ளும். திறக்க மூன்று பேர் ஆளுக்கு ஆறு சொல் தட்ட வேண்டும். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர், எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், பொதுவான ஆளாகக் கணக்கு வாத்தியார். மூன்றில் எந்த இரண்டு பேர் தட்டினாலும் போதும் என்றுதான் அவள் முதலில் செய்திருந்தாள். எலியும் பூனையுமாக இருந்த இரண்டு கட்சியும் அன்றைக்கு மட்டும் ஒரே குரலில் பேசின. ரெண்டு பேர் கூட்டுச் சேர்ந்துட்டா என்ன செய்வே? மூணு பேரும் வேணும். அவசரத்துக்கு என்று அவள் தாளில் எழுதி உறையில் போட்டு வைத்திருந்த மாற்றுச் சாவியையும் எல்லோர் கண் முன்னாலும் ஒரு தட்டில் வைத்து எரிக்கச் சொன்னார்கள். எரிந்து முடிந்ததும் கை தட்டினார்கள்.

கட்சிக்காரர்கள் இருவரும் இன்று காலையே வீட்டிலிருந்தபடி தட்டிவிட்டார்கள். வாத்தியார் ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியில், தொண்டையில் குழாயோடு நினைவில்லாமல் கிடக்கிறார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக அலுவலகமே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, அவர் மனைவியிடமிருந்து போன் வந்தது.

"அந்த ஆறு வார்த்தை எனக்குத் தெரியும். வார்த்தை குடுத்த அன்னைக்கு அந்த ரூம்ல இருந்த யாரையாவது அனுப்புங்க. வேற யாரையும் அனுப்பாதீங்க."

வீட்டிலிருப்பவர் தட்டலாம் என்று மேலிடத்தில் எழுத்தில் அனுமதி வாங்குவதற்குள் மணி ஒன்று நாற்பது ஆகிவிட்டது.

வாத்தியாரம்மா வீட்டு மரக்கதவு திறந்திருந்தது. உள்ளே பூட்டிய கம்பிக்கதவு. அதற்குப் பின்னால் ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் தொற்றுதான், லேசாக. முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண் மட்டும் தெரிந்தது.

"நீதான் பூட்டா?"

"ஆமாங்கம்மா."

"சாவியத் தொலைச்சுட்டு வந்து நிக்கிற பூட்டு. தள்ளி நில்லு. இன்னும் தள்ளி. இப்ப மட்டும் ஆறடி கேக்குது."

அவள் டேப்லெட்டைப் பிளாஸ்டிக் உறையோடு தரையில் வைத்து, கம்பிக்கதவின் அடி இடைவெளி வழியாக உள்ளே தள்ளிவிட்டு, பின்னால் நகர்ந்தாள்.

"நீங்களே தட்டணும். எனக்குத் தெரியக் கூடாது. தட்டினதும் எழுத்து புள்ளியா மாறிடும்."

"தெரியும். எழுதி வைக்கக் கூடாதுன்னு நீங்க பயமுறுத்தி அனுப்பினீங்க. அந்த மனுஷன் தெனம் கண்ணாடி முன்னாடி நின்னு, சவரம் பண்ணிக்கிட்டே, ஆறு வார்த்தையையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிச்சார். அடுப்படியில நிக்கிறவளுக்கும் காது இருக்குங்கிற நெனப்பே இல்ல."

சொல்லிக்கொண்டே தட்டினார். ஒரு விரலால், நிறுத்தி நிறுத்தி. பிறகு டேப்லெட்டைத் திருப்பி, கம்பி வழியாகக் காட்டினார். ஐந்து கட்டத்தில் புள்ளிகள். ஆறாவது காலி.

"இன்னும் ஒண்ணு இருக்குங்கம்மா."

"எனக்கு எண்ணத் தெரியும். கணக்கு வாத்தியாரோட முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். ஆறாவது வேணும்னா, நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு."

பூட்டுக்காரி கையுறைக்குள் விரல்களை மடக்கினாள்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து சட்டையக் கழட்டும்போதே சொன்னார். சின்ன ரூம். அஞ்சு பேர். நாலு ஜன்னலையும் சாத்தி ரெண்டு மணி நேரம். எதிர்ல ஒருத்தர் தும்மிக்கிட்டே இருந்தாராம். இவர் ஜன்னலத் திறக்கலாமான்னு கேட்டிருக்கார். அதுக்கு அங்க ஒருத்தர், 'காத்து வேணும்னா வீட்டுக்குப் போய் வாங்கிக்கங்க சார்'னு சொன்னாங்களாம். எல்லாரும் சிரிச்சாங்களாம். 'நானும் சிரிச்சேன்'னார். யாருங்க அப்படிச் சொன்னதுன்னு கேட்டேன். 'விடு, சின்ன விஷயம்'னுட்டார்." அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "இப்ப மெஷின்தான் அவருக்குக் காத்து குடுக்குது. யார் சொன்னது?"

"கூட்டக் குறிப்புல அப்படி எதுவும் இல்லைங்கம்மா."

"குறிப்பையா கேட்டேன்?"

"ஜன்னலச் சாத்தினது விதிப்படிதான்."

"எந்த விதி? சொல்லு, கேப்போம். ஜன்னலச் சாத்துன்னே எழுதியிருக்கா?"

அந்த விதி அவளுக்கு மனப்பாடம். "சொற்களைத் தட்டும்போது திரை வெளிய இருந்து தெரியக் கூடாதுன்னு இருக்கு. எதிர்க் கட்டடத்துல நிறையப் பேர் போனும் கையுமா நின்னாங்க."

"அப்ப மேசையத் திருப்பிப் போட்டிருந்தா போதாதா?"

பூட்டுக்காரி இந்த ஒன்பது நாளில் எத்தனையோ கோணத்தில் யோசித்திருந்தாள். மேசையைத் திருப்பலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஏழு வயசுப் புள்ளைக்குத் தோணும்" என்றார் வாத்தியாரம்மா. "நீங்கள்லாம் படிச்சவங்க."

போன் அதிர்ந்தது. தேர்தல் அதிகாரி. அவள் இரண்டு படி இறங்கி, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

"முடிஞ்சுதா?"

"அன்னைக்கு ஜன்னல் விஷயமாப் பேசினது யாருன்னு கேக்கறாங்க சார். சொன்னாத்தான் தட்டுவாங்களாம்."

"யாராவது ஒரு பேரச் சொல்லு. அந்த எதிர்க்கட்சிக்காரர்னு சொல்லிடு. அவரும் படுத்துட்டார், யாரு போய்க் கேக்கப் போறா?"

"சார்..."

"சார் மோர்னு இழுக்காத. மணி மூணே கால்."

அவள் திரும்ப ஏறினாள். தரையைப் பார்த்துச் சொன்னாள்: "எதிர்க்கட்சிக்காரர்தாங்கம்மா சொன்னார்."

வாத்தியாரம்மா டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தும்மினதே அவர்தானே? முந்தாநாள் போன் பண்ணி அழுதார். 'வாத்தியார் ஜன்னலத் திறக்கணும்னப்போ நானும் ஆமான்னேன்மா, விடலை'ன்னார். விடாதது யாருன்னு கேக்கறதுக்குள்ள இருமல் வந்து போன வெச்சுட்டார். அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல." டேப்லெட்டை மடியில் வைத்து ஒரு விரலால் அழித்தார். திருப்பிக் காட்டினார். நான்கு கட்டத்தில் புள்ளிகள். "ஒரு பொய்க்கு ஒரு வார்த்தை. எத்தனை பொய் வெச்சிருக்க?"

"அம்மா, இது எங்க ஆபீஸ் பிரச்சினை இல்ல. உள்ள ஆயிரத்து எண்ணூறு பேரோட ஓட்டு இருக்கு."

"ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தாறு. அதுல ஒண்ணு என்னோடது. இதே நாற்காலில உக்காந்து போட்டேன். போனாப் போகட்டும்."

"எல்லாரும் அப்படி விட முடியாதுங்கம்மா." அவள் குரல் அவளையும் மீறி உயர்ந்தது. "ஒரு தச்சர். முகத்தக் காட்டினாத்தான் செயலி திறக்கும். மூஞ்சியில இருந்த ஆக்சிஜன் மாஸ்க்கக் கழட்டிட்டு, மூச்சை அடக்கிக்கிட்டு, பத்து விநாடி கேமராவப் பார்த்தார். ஓட்டப் போட்டுட்டு, 'ஒழுங்கா எண்ணுவீங்கல்ல?'ன்னார். நான்தான் டேப்லெட்டப் பிடிச்சிருந்தேன். எண்ணுவோம்னேன். மூணாம் நாள் போனா அந்தக் கட்டில்ல வேற ஆள்."

"அவர் பொண்டாட்டி வந்து கேட்டா அவளுக்கும் குறிப்பப் படிச்சுக் காட்டுவியா?"

வாத்தியாரம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். டேப்லெட் நாற்காலியில் கிடந்தது. உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம், பாத்திரம் கழுவும் சத்தம். ஒன்று, இரண்டு, எல்லாப் பாத்திரமும் கழுவுகிறார் போலிருந்தது. பூட்டுக்காரி குத்துக்கல்லாக நின்றாள். உட்காரலாம், ஆனால் இந்த உடையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது பெரும்பாடு. நான்கு மணி. நான்கே கால். படியில் கீழிருந்து குரல் வந்தது.

"இன்னும் எறங்கலையா? அங்கயே குடி வந்துட்டியா?"

அவர் திரும்பி வந்தபோது மணி நான்கு இருபத்தெட்டு. கைகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரில இருந்து பேசினாங்க. நாளைக்கு மெஷின எடுக்கிறதப் பத்திக் கையெழுத்துப் போட வரணுமாம். எனக்குத் தொத்து இருக்கிறதால வாசல்லயே நின்னு போடலாமாம். பெரிய மனசு." டேப்லெட்டை எடுத்தார். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு விஷயமாவது தெரிஞ்சுக்கணும்னு பார்க்கிறேன். அவர் கூட்டின கணக்குல ஒரு வரி விட்டுப் போயிருக்கு. அவ்வளவுதான்."

போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை அவள் படி இறங்கவில்லை.

"என்னம்மா பண்ணிட்டிருக்க?" என்றார் அதிகாரி. "இங்க ரெண்டு கட்சி ஆளுங்களும் கும்பலா வாசல்ல நின்னு கத்தறாங்க. அந்த அம்மா அழுதா நீயும் கூட அழு, காலப் பிடி, என்ன வேணா பண்ணு. ஆனா அந்த ரூம் விஷயத்த மட்டும் ஒத்துக்காத. நம்ம பக்கம் தப்புன்னு ஒரு வார்த்தை வெளிய வந்தா, தோத்தவன் நேரா கோர்ட்டுக்குப் போவான். உன் வேலை போகும், என் வேலையும் சேர்ந்து போகும். விதின்னு சொல்லு. விதி, விதி, விதி. கேக்குதா?"

"கேக்குது சார்."

"யாரு?" என்றார் வாத்தியாரம்மா.

"எங்க அதிகாரி."

"அவரும் அந்த ரூம்ல இருந்தவர்தானே? அவர்தான் சொன்னாரா?"

இல்லை என்று பூட்டுக்காரி தலையாட்டினாள்.

"அப்ப ஆளுங்கட்சிக்காரரா?"

அதற்கும் இல்லை என்றே தலையாட்டினாள். வாத்தியாரம்மாவின் விரல் திரையின் மேல் நின்றது. ஐந்து பேரில் மூன்று பேர் கழிந்துபோனார்கள். நான்காவது ஆள் மெஷினோடு கிடக்கிறார். இந்தக் கணக்குக்கு வாத்தியார் தேவையில்லை.

ஆனாலும் அந்த அம்மாள் சொல்லவில்லை. காத்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள், தானே அதை எடுத்து வைக்கட்டும் என்பதுபோல.

நான்கு நாற்பத்தொன்று. இரண்டு சொல் தட்ட அந்த ஒற்றை விரலுக்கு ஒரு நிமிடம் போதும். பூட்டுக்காரி போனை ஸ்பீக்கரில் போட்டு, படியில் வைத்தாள். அதிகாரி இன்னும் விதி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்களும் கேட்டுக்கங்க" என்றாள். பிறகு கம்பிக்கதவைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள். இந்த முறை தரையைப் பார்க்கவில்லை.

"வாத்தியார் கேட்டுட்டு மட்டும் உக்காரலைங்கம்மா. எழுந்து போய் ஒரு ஜன்னலத் திறந்தார். நான் போய் அதச் சாத்தி, தாப்பாளும் போட்டேன். போட்டுட்டுத் திரும்பிப் பார்த்து அந்தப் பேச்சைப் பேசினது நான்தாம்மா."