வால்வுக் கைப்பிடி

மூங்கில் குழாய்களில் பதநீர் வந்து இறங்கியபோது மீஸ்கே, இறந்துபோன தன் அம்மாவின் விறைத்த விரல்களுக்கு வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். சாவு விழுந்த வீட்டின் பனைகளில் அந்த வாரம் ஊரார்தான் ஏறுவார்கள். அப்படி இறக்கித் தந்ததைக் கீழே கொட்டக் கூடாது. வெயில் ஏறுவதற்குள் காய்ச்சாவிட்டால் புளித்துவிடும்.

அப்பா பெர்டி இருமிக்கொண்டே எழுந்து விறகுக் கொட்டகைப் பக்கம் நடந்தார்.

"உக்காருங்கப்பா. அந்தப் புகையிலதான் அம்மா போனா. அடுத்து நீங்களா?"

"பின்ன எதை எரிக்கிறது? உன் காலேஜ் பட்டத்தையா?"

கொட்டகையை ஒட்டியே மின் நிலையத்தின் நீராவிக் குழாய் ஓடியது. மலைக்கடியில் கொதிக்கிற சூட்டிலிருந்து வரும் நீராவி அது. ஊருக்கும் கொஞ்சம் என்று அதிலிருந்து ஒரு கிளை இழுத்து, புகையில்லாத வெல்லக் கூடம் கட்டிக் கொடுத்தது கம்பெனி. அகப்பையோடு அம்மா சிரிக்கிற படம் அவர்கள் காலண்டரில் வந்தது. அந்த வருஷம் முடிவதற்குள், கரண்டு எடுக்கவே அழுத்தம் போதவில்லை என்று வால்வை மூடி, கைப்பிடியையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அது இல்லாமல் வால்வைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. அம்மா திரும்பவும் விறகடுப்பின் முன் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் அவளை டாக்டர் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் பிடிப்பீங்க?"

வாசலில் வெலி வந்து நின்றான். உள்ளூர்க்காரன்தான், கம்பெனிச் சட்டை போட்டிருந்தான். பின்னால் இரண்டு பேர் இரங்கல் எழுதிய ஆளுயரப் பூப்பலகையைத் தூக்கி வந்தார்கள். அதில் அல்ட்யே என்ற அம்மா பெயரைவிடக் கம்பெனி பெயர் பெரிது. இன்னொருவன் கழுத்தில் கேமரா.

"மேனேஜர் ரொம்ப வருத்தப்பட்டாரும்மா. அல்ட்யே அத்தைக்கு மரியாதையா இன்னைக்கு ஒரு நாள் நீராவி விடச் சொல்லியிருக்காரு." பையிலிருந்து இரும்புக் கைப்பிடியை எடுத்தான். "நீ வெல்லம் கிண்டற மாதிரி ஒரே ஒரு போட்டோ..."

"வருஷம் பூரா விடணும்னா வீட்டுக்கு எத்தனை பேர் சாகணும், வெலி அண்ணே?"

"பொணத்தை வெச்சுக்கிட்டு இப்படிக் கத்தாத."

"அவ உயிரோட இருந்து கத்தினப்போ நீங்க எங்க போயிருந்தீங்க?"

"விடுடி, திறக்கட்டும்," என்றார் அப்பா. அதற்குமேல் இருமல் அவரைப் பேச விடவில்லை.

வால்வு திறந்ததும் நீராவி சீறியது. பெண்கள் பதநீரை வெல்லக் கூடத்துக்குத் தூக்கினார்கள். வெளிச்சம் சரியில்லை என்று கேமராக்காரன் கூப்பிட, வெலி கைப்பிடியை வால்விலேயே விட்டுவிட்டுப் பூப்பலகையை நகர்த்தப் போனான்.

மீஸ்கே கைப்பிடியை உருவினாள். கை சுட்டது. கறுப்புப் பாவாடை மடிப்பில் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

போதகர் ஜெபத்தை முடித்திருந்தார். சவப்பெட்டியை மூட மூடியைத் தூக்கிவிட்டார்கள்.

"ஒரு நிமிஷம்."

குனிந்து, அம்மாவின் இடுப்புப் பக்கம் வெள்ளைத் துணிக்கடியில் கையை விட்டு, வெறுங்கையாக வெளியே எடுத்தாள். நிமிர்ந்தபோது எதிரே அப்பா நின்றிருந்தார்.

வெளியே வெலியின் குரல்: "இங்க இருந்த கைப்பிடியை யாரு எடுத்தது?"

அப்பா துணியை அம்மாவின் மார்புவரை இழுத்து, புடைத்திருந்த இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"ஆணியைக் கொடுங்க," என்றார், மூடியைப் பிடித்திருந்தவர்களிடம்.