ஐந்தடி மூன்று அங்குலம்

ஜெயஷீலா டீச்சர் வீட்டு அடுக்களையின் தெற்குச் சுவர், புது அலமாரிகள் வந்து இறங்கிய செவ்வாய்க்கிழமை காலை ஒன்றே கால் அங்குலம் நகர்ந்து நேராக நின்றுகொண்டது. சத்தம் இல்லை, விரிசல் இல்லை, சுவரில் தொங்கிய காலண்டர்கூட ஆடவில்லை. அலமாரியைப் பொருத்தப் போயிருந்த செந்தூர்வேல் மூலைமட்டத்தை வைத்து இரண்டு முறை பார்த்தான். ஒரு டீ குடித்துவிட்டு வந்து மூன்றாம் முறையும் பார்த்தான். பிறகு பட்டறைக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, செவுரு நம்ம பலகைக்குத் தக்கன வந்து நிக்கி" என்றான். முதலாளி அற்புதமணி பதிலுக்குக் கேட்டது, வேலை எத்தனை மணிக்கு முடியும் என்பதை மட்டும்தான்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆறுமுகநேரியில் உப்பளத்துக்குப் போகும் சாலையில் அவருடைய மரப் பட்டறை இருந்தது. இரண்டாயிரத்து இருபத்துமூன்று டிசம்பர் வெள்ளத்தில் ஏரலிலிருந்து காயல்பட்டினம் வரை வீடுகளுக்குள் தண்ணீர் நின்று, பிளைவுட் அலமாரிகள் எல்லாம் ஊறப்போட்ட உளுந்து மாதிரி உப்பிப் போயின. தண்ணீர் வடிந்ததும் நாற்பத்துநான்கு வீட்டுக்காரர்கள் பட்டறை வாசலில் வந்து நின்றார்கள். ஒரு அடுக்களைக்குப் பதினொரு நாள் பிடிக்கும். பட்டறையில் இருந்ததோ நாலு ஆட்கள். இந்தக் கணக்கில் கடைசி வீட்டுக்கு அலமாரி போவதற்குள் அடுத்த வெள்ளமே வந்துவிடும் என்று கம்ப்யூட்டரில் படம் வரையும் ஜெமிமா சொன்னாள். அவள் அற்புதமணியின் தம்பி மகள், பாலிடெக்னிக் படித்தவள், எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அவள் சொல்லித்தான் மே மாதம் தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னரில் வந்து இறங்கியது, கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்துத் தானே பலகை அறுக்கும் சி.என்.சி. ரவுட்டர் மெஷின். ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் நாங்களே ஏற்றிக்கொண்டு போகிறோம் என்றார் விற்பனைக்காரர். அற்புதமணி ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். மெஷின் வேலையை மிச்சப்படுத்துகிறதா, இல்லை ஒரு இடத்து வேலையை இன்னொரு இடத்துக்குத் தள்ளிவிடுகிறதா என்பதை நாள் நாளாக எழுதிப் பார்த்து முடிவு செய்வது அவர் திட்டம்.

முதல் மூன்று அடுக்களைகளில் மெஷின் மூக்குடைபட்டது. இரண்டு நாள் அறுப்பு வேலையை நாற்பதே நிமிஷத்தில் முடித்தது உண்மை. ஆனால் படம் வரைய இரண்டு நாள் ஆனது. அலமாரியைப் பொருத்தப் பத்து நாள் ஆனது. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒரு சுவராவது நேராக இருந்ததாக வரலாறு கிடையாது. முன்பெல்லாம் செந்தூர்வேல் பலகையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, சுவரின் கோணலைப் பென்சிலால் பலகையில் இழுத்து, அந்தக் கோட்டில் இழைத்துவிடுவான். ஓரம் ஒட்டி முடித்து மெஷினிலிருந்து வந்த பலகையோ யாருக்கும் வளைந்து கொடுக்காது. ஆக மொத்தம் பன்னிரண்டு நாள், கைவேலையைவிட ஒரு நாள் கூடுதல். நாலாவது அடுக்களைதான் ஜெயஷீலா டீச்சருடையது. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் பலகை வளைய வேண்டி வரவில்லை, சுவர்களே வளைந்து கொடுத்தன.

ஜூலையில் ஜன்னல்களும் படிந்துவந்தன. காயல்பட்டினத்தில் ஒரு வீட்டில் கிழக்கே இருந்த ஜன்னல், படத்தில் வடக்கே இருந்ததால் வடக்கே போய்விட்டது. வீட்டுக்காரர் காற்று நன்றாக வருவதாகச் சொன்னார். வீடு எப்படி இருந்தாலும் படத்துக்கு வந்துவிடும் என்று ஆனபின் டேப்பைத் தூக்கிக்கொண்டு அளக்கப் போவானேன்? ஜெமிமா ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டாள். பத்தடிக்கு எட்டடி, ஒரு ஜன்னல், ஒரு கதவு. ஒரு அடுக்களைக்கு ஒன்றரை நாள்தான் ஆகிறது என்று நோட்டில் எழுதி, அதற்கடியில் இரண்டு கோடு இழுத்தார் அற்புதமணி.

அந்தப் படத்தில் சமையல் மேடை உயரம் சரிதானா என்று காட்டுவதற்காக ஒரு பெண் நிற்பாள். மென்பொருளோடு கூடவே வந்தவள். சாம்பல் நிறம், ஐந்தடி மூன்று அங்குலம், முடியைப் பின்னால் இழுத்துக் கட்டியிருப்பாள், முகத்தில் ஒன்றும் இருக்காது. ஜெயஷீலா டீச்சர் ஐந்தடி எட்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவரைத் தென்னைமரம் என்பார்கள். ஆகஸ்டில் அவர் ஐந்தடி மூன்றுக்கு வந்து நின்றார். ஏரலில் வயல்காரர் வீட்டு அருணாசலவடிவு கட்டையானவள். அவள் ஐந்தடி மூன்றுக்கு ஏறினாள். டீச்சர் சேலையைக் கூடுதலாகக் கொசுவிக் கட்டிக்கொண்டார், அருணாசலவடிவு இறக்கிக் கட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். பிறகு முடி எல்லோருக்கும் பின்னால் போனது. பிறகு முகங்கள், வெள்ளையடிக்க அடிக்கச் சுவரில் பிள்ளைகள் கிறுக்கியது மங்குவது போல, மெள்ள மங்கி ஒன்றுபோல ஆயின. கீல் சத்தம் போடுகிறது, இழுப்பறை இறுகுகிறது என்று தினமும் போனில் உயிரை எடுக்கும் பெண்கள் ஒருவரும் கூப்பிடவில்லை. குறை இல்லை என்று அதையும் மெஷினின் நல்லதுகளோடு சேர்த்து எழுதிவைத்தார் அற்புதமணி.

செப்டம்பரில் ஜெமிமா ஃபைல் கனமாக இருக்கிறதென்று அந்தச் சாம்பல் பெண்ணை அழித்துவிட்டு ஒரே ஒரு அடுக்களையை அறுத்தாள். அது நேசக்குமார் வீட்டுக்குப் போனது. பத்து நாள் கழித்து நேசக்குமார் பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் மூன்று வேளையும் சாப்பிடுவதை அற்புதமணி பார்த்தார். அவன் மனைவி ஜெயபிரியா எங்கே, சாத்தான்குளத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாளா என்று விசாரித்தார்.

"எந்த ஜெயபிரியா அண்ணாச்சி?" என்றான் நேசக்குமார். "நான் எப்பவும் ஓட்டல்லதான சாப்பிடுதேன்."

அற்புதமணிக்குப் பயம் பிடித்தது. பட்டறைக்கு வந்து, படத்தில் நிற்பவளைக் குட்டையாக்க முடியுமா என்று ஜெமிமாவிடம் கேட்டார். "அதுக்கு வழி இல்ல பெரியப்பா. ஒண்ணு அவ நிக்கணும், இல்லன்னா யாருமே நிக்கக்கூடாது" என்றாள் ஜெமிமா. அவர் குட்டையாக்கச் சொன்னதற்குக் காரணம், வரிசையில் மிச்சமிருந்த ஒரே வீடு அவருடையது. அவர் மனைவி கிருபை நாலடி ஒன்பது.

கிருபை பேச ஆரம்பித்தால் அடுத்த தெருவில் நாய் எழுந்து உட்காரும். வெள்ளம் போய்ப் பத்து மாதமாக, உப்பிப்போன அலமாரிக் கதவுக்குச் செங்கல்லை முட்டுக்கொடுத்து, ஸ்டூல் போட்டு ஏறி இறங்கிச் சமைத்துக்கொண்டிருந்தாள். "ஊர்ல உள்ள அடுக்களைக்கெல்லாம் அலமாரி போட்டாச்சி. மரப்பட்டறைக்காரன் பெண்டாட்டி நான் செங்கல்லோட நிக்கேன்" என்றாள்.

"உனக்கு நான் கையால செஞ்சி தாரேம்ளா" என்றார் அற்புதமணி.

"இருவத்தாறு வருஷமா இதைத்தான சொல்லுதிய."

அவர் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். டீச்சரை, அருணாசலவடிவை, ஜெயபிரியாவை. கிருபை வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"எனக்குத் தெரியாதாக்கும்? நானும் கோயிலுக்குப் போறவதான, அவளுவள பாத்துட்டுதான் இருக்கேன். போனா போட்டும், மேல் தட்டு எட்டும்லா" என்றாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். "சரி, நான் தலைய இங்கன திருப்பிக்கிடுதேன். எம் மூஞ்சில மச்சம் எந்தப் பக்கம் இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

அவர் இடது என்றார், பிறகு வலது என்றார். கிருபைக்கு முகத்தில் மச்சமே கிடையாது. அவள் கோபப்படவில்லை, கத்தியை எடுத்து மிச்ச வெங்காயத்தை நறுக்கினாள். அதுதான் அவருக்கு மிகவும் வலித்தது.

மறுநாளே ரம்பத்தையும் இழைப்புளியையும் தேடி எடுத்து, நாலடி ஒன்பதுக்கு ஏற்ற உயரத்தில் கையால் அறுக்க ஆரம்பித்தார். அதற்குள் சாகுபுரம் குவார்ட்டர்ஸிலிருந்து புதிதாக முப்பது அடுக்களைக்கு ஆர்டர் வந்தது. கையால் செய்தால் பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளில் மெஷின் ஏழு வீட்டை முடித்துவிடும். ஆறு மாதமாக எழுதிய நோட்டு அவருக்கு முன்பே முடிவெடுத்து வைத்திருந்தது. மூன்றாம் நாள் இழைப்புளியைக் கீழே வைத்தார். நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை, படத்தில் அவள் நிற்க, ஜெமிமா பொத்தானை அழுத்தினாள்.

செந்தூர்வேல் அரை நாளில் பொருத்திவிட்டுப் போனான். சனிக்கிழமை காலை கிருபை ஸ்டூலைக் கொல்லையில் எறிந்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே மேல் தட்டில் இருந்த டப்பாவை எடுத்து, "எட்டுதுங்க! எனக்கு எட்டுது!" என்று சிரித்தாள். அற்புதமணி அன்று முழுக்க வீட்டை விட்டு நகராமல் அவள் முகத்தையே பார்த்தார். நெற்றியோரம் சின்னத் தழும்பு, மேல் உதட்டில் மெல்லிய பூனைமுடி, சிரித்தால் இடது கண் மட்டும் கொஞ்சம் இடுங்குவது. எல்லாவற்றையும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்தார். பதினெட்டு வரி வந்தது. மாதக் கடைசியில் விற்பனைக்காரர் வந்து, உற்பத்தி கூடியிருக்கிறதா என்று கேட்டபோது கூடியிருக்கிறது என்றார். ஏழு மடங்குக்கும் கொஞ்சம் மேலே. அது பொய்யில்லை. கையெழுத்தும் போட்டார்.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் ஆண்கள் வழக்கம்போல வாசலில் பைக்கை ஸ்டார்ட் செய்து நின்றார்கள். பெண்கள் பக்கத்துக் கதவு திறந்து, ஐந்தடி மூன்று அங்குலத்தில் வரிசையாக வெளியே வந்தார்கள். யாரும் யாரையும் தேடவில்லை. ஒருத்தி வந்து பின்னால் உட்கார்ந்ததும் ஒரு பைக் கிளம்பியது. அற்புதமணி சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்துப் பதினெட்டு வரிகளையும் ஒருமுறை வாசித்தார். வருகிறவர்களைப் பார்த்தார். திரும்ப வாசித்தார். வண்டி லேசாக அமுங்கியது. யாரோ அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"கிருபையா?" என்று கேட்டார்.

"ஆமா" என்று பதில் வந்தது. முன்னால் நின்ற பைக்கிலும் ஒருவர் ஏதோ பெயர் சொல்லிக் கேட்க, அங்கேயும் ஆமா என்றே சொன்னது, அதே குரல். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். அற்புதமணி நோட்டைப் பையில் வைத்துவிட்டு கியரைப் போட்டார்.