பிர்ஜந்திலிருந்து வந்த விருந்தாளி

கண்ணாடி வாங்க வந்தவரை வீட்டுக்கு அழைப்பது தெஹ்ரானில் யாரும் செய்கிற காரியம்தான். அழைக்கப்பட்டவர் நிஜமாகவே வந்து நிற்பதைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஈராஜ் சமீமி அந்த ஊரின் நார்மக் பகுதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஐம்பத்தைந்தைத் தாண்டிய, சாதுவான மனிதர். யார் மனதும் நோகக்கூடாது என்பதற்காக இல்லாத பல்வலியைச் சொல்லிக் கல்யாண விருந்துகளைத் தவிர்க்கிறவர். அன்று அவர் கடைக்கு வந்தவர் பெயர் ஜலீல் நக்கயி. கிழக்கே பாலைவனத்தை ஒட்டிய பிர்ஜந்து ஊரில் சிரெஷ்க் தோட்டம் வைத்திருக்கிறார். ஈரானிய வீடுகளில் சோற்றின் மேல் சிவப்புச் சிவப்பாகத் தூவுகிறார்களே, அந்தப் புளிப்புப் பழம். கண்புரை அறுவைச் சிகிச்சைக்காகத் தலைநகருக்கு வந்தவர், அதற்குப் பிறகு போடும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் தங்க மலிவான விடுதி எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"விடுதியா? நல்லா கேட்டீங்க போங்க. என் வீடு உங்க வீடு. உங்க பாதம் என் கண்ணு மேல" என்றார் ஈராஜ்.

ஜலீல் முறைப்படி மறுத்தார். ஈராஜ் முறைப்படி வற்புறுத்தினார். மூன்று தரம் அழைப்பு, மூன்று தரம் மறுப்பு, அப்புறம் இருவரும் நெஞ்சில் கைவைத்துக் குனிந்து அவரவர் வழியே போக வேண்டியது. பெரியவர்கள் போட்டு வைத்த பாதை அது, யாருக்கும் சேதமில்லை. ஆனால் மூன்றாவது அழைப்புக்கும் மூன்றாவது மறுப்புக்கும் நடுவில் ஒரு அம்மாள் உள்ளே வந்து, தன் கண்ணாடிக் காம்பு உடைந்ததற்கு ஈராஜைக் கொஞ்ச நேரம் திட்டினாள். அவளை அனுப்பிவிட்டுத் திரும்பியபோது ஈராஜுக்குக் கணக்குத் தப்பிவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தரம் அழைத்தார். நாலாவது அழைப்பை மறுப்பது மனிதனை அவமதிப்பது. ஜலீலின் முகம் வெளுத்தது. ஈராஜின் முகமும்தான்.

அன்று மாலை ஜலீல் ஒரு சாக்கு சிரெஷ்க்குடன் நாலாவது மாடி ஏறி வந்தார். லிஃப்ட் ஓடி இரண்டு வருஷமாகிறது. ஈராஜின் மனைவி மஹ்லகா, பெண்கள் பள்ளியில் துணைத் தலைமை ஆசிரியை, வாசலில் புன்னகை மாறாமல் வரவேற்றாள். சமையலறைக்குள் வந்ததும் அந்தப் புன்னகையைக் கழற்றி வைத்தாள்.

"யாரு ஈராஜ் இது?"

"வாடிக்கையாளர்."

"கண்ணாடிதானே வித்தே? கட்டிலையும் சேர்த்தா வித்தே?"

கனடாவில் படிக்கிற மகள் பர்னாஸின் அறை காலியாக இருந்தது. அங்கே படுக்கை விரித்தார்கள். அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது. மூன்றாம் நாள் காலை ஜலீல் கோட்டு மாட்டிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு விடைபெற வந்தார். இங்கேதான் ஈராஜ் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டார். போகிற விருந்தாளியைத் தடுக்க ஏதாவது சொல்ல வேண்டுமே. சும்மா "இருங்களேன்" என்றால் வறட்சியாக இருக்கும் என்று பட்டது. "என் மகள் தலை மேல சத்தியம், நீங்க இப்போ போகக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

ஜலீல் பையைக் கீழே வைத்தார். கடல் தாண்டி இருக்கும் ஒரு சின்னப் பெண்ணின் தலைமேல் இட்ட ஆணையை மிதித்துக்கொண்டு எப்படிப் போவார் அவர்? ஒரு பெருமூச்சு விட்டுக் கோட்டைக் கழற்றினார். அந்தப் பெருமூச்சு திருப்தியின் அடையாளம் என்று ஈராஜ் நினைத்துக்கொண்டார்.

வாரங்கள் போயின. பனி விழுந்தது. ஜலீல் தொல்லை பிடித்த விருந்தாளி என்று யாரும் சொல்ல முடியாது. ரொட்டி வாங்க வரிசையில் நின்றார், பாத்திரம் கழுவினார், தொலைக்காட்சியில் செய்தி வந்தால் சத்தத்தைத் தானே குறைத்தார். ஒரே குறை, பானையின் அடியில் பொன்னிறமாகப் பிடித்திருக்கும் காந்தல். சோற்றிலேயே எல்லாரும் ஆசைப்படுகிற பகுதி அது, விருந்தாளிக்குத்தான் முதலில் போக வேண்டும். அவர் வேண்டாம் என்பார், ஈராஜ் அவர் தட்டில் தள்ளுவார், கடைசியில் அவர் துக்கத்தோடு தின்பார். பல் கட்டின நாளிலிருந்து அவருக்கு அது கடிபடுவதில்லை என்று யாருக்கும் தெரியாது. ஈராஜோ அதன் மொறுமொறுப்பைக் காதால் மட்டும் அனுபவித்துக்கொண்டு வெறும் சோறு தின்றார்.

மஹ்லகா தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். விருந்தாளியின் செருப்பில் உப்புப் போட்டால் சீக்கிரம் கிளம்பிவிடுவார் என்பார்களே, அதன்படி ஒரு கைப்பிடி உப்பை அவருடைய காலணிக்குள் கொட்டினாள். மறுநாள் ஜலீல் அவளைத் தேடி வந்து நன்றி சொன்னார். பனியில் நனைந்த ஈரத்தை உப்பு நன்றாக உறிஞ்சிவிட்டதாம். "உங்க கை வலிக்காம இருக்கணும் தங்கச்சி. பெத்த தாய்கூட இப்படிப் பார்த்துக்கிட்டதில்லை."

அந்தச் சமயத்தில்தான் கட்டிட நிர்வாகியின் நாற்காலி காலியானது. இருந்தவர், கட்டிடத்தைச் சூடாக்கும் கொதிகலனைப் பற்றிய சண்டையில் கோபித்துக்கொண்டு பதவியை உதறிவிட்டார். குடியிருப்போர் கூட்டம் ஈராஜ் வீட்டில் கூடியது. கட்டிடத்தில் இரண்டு கட்சி. கீழ்த்தளங்கள் ஓய்வுபெற்ற கர்னல் ஜஹான்பின் பக்கம். அவருக்கு ஒழுங்கு வேண்டும், கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட வேண்டும், பொது இடங்களில் பெண்கள் முக்காடு போட வேண்டும். மேல்தளங்கள் பல் மருத்துவர் ஷகூரி அம்மாள் பக்கம். அவருக்குச் சீர்திருத்தம் வேண்டும், கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும், மற்றவர்கள் தலையைப் பற்றிக் கர்னல் பேசாமலிருக்க வேண்டும்.

"டாக்டரம்மா இருக்கும்போது எனக்கு என்ன தகுதி?" என்றார் கர்னல்.

"கர்னல் ஐயா நிழல்ல நாங்க வாழறோம்" என்றார் டாக்டரம்மா.

இப்படி ஒருவரை ஒருவர் வானளாவப் புகழ்ந்து, ஒருவர் பதவிக்கு வராமல் இன்னொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேநீர் பலமுறை ஊற்றப்பட்டது. முடிவில் எல்லாருடைய கண்ணும், தட்டை நீட்டிக்கொண்டிருந்த ஜலீல் மேல் விழுந்தது. அவர் எந்தக் கட்சியும் இல்லை. அந்தக் கட்டிடமும் இல்லை, அந்த ஊரும் இல்லை. அதைவிடப் பெரிய தகுதி வேறென்ன? அவர் மறுத்தார். மறுப்பைப் பணிவென்று எடுத்துக்கொண்டு எல்லாரும் கைதட்டினார்கள். மஹ்லகா மட்டும் எழுந்து சமையலறைக்குப் போய், தான் திட்டுவது வெளியே கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

ஜலீலுக்கு முன்னால் வந்த முதல் வழக்கு முக்காடு அறிவிப்பு. கர்னல் அதை வாசல் கதவில் ஒட்டுவார், டாக்டரம்மாவின் மகள் கிழிப்பாள். கர்னல் மறுபடி ஒட்டுவார். ஜலீல் இரண்டு பேரிடமும் தனித்தனியாகத் தேநீர் குடித்துவிட்டு, அறிவிப்பை வாங்கிக் கொண்டுபோய், ஓடாத லிஃப்டின் உள்சுவரில் அழகாக ஒட்டிக் கதவைச் சாத்தினார். அறிவிப்பு இருக்கிறது என்பதில் கர்னலுக்குத் திருப்தி. அதைப் படிக்க யாரும் உள்ளே போக முடியாது என்பதில் டாக்டரம்மாவுக்குத் திருப்தி. கட்டிடத்தில் அமைதி வந்தது. அதற்குப் பிறகு லிஃப்டைப் பழுது பார்க்கலாம் என்று வாயெடுத்தவர்களை இரண்டு கட்சியும் சேர்ந்தே அடக்கியது. ஈராஜ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாலு மாடியும் ஏறினார்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் முற்பகலில், வெளிநாட்டு டிவி பார்க்க மொட்டை மாடியில் சட்டத்துக்கு மாறாக வைத்திருக்கும் டிஷ்களைப் பிடுங்க அரசாங்க ஆட்கள் வந்துவிட்டார்கள். தாடி வைத்த ஒரு அதிகாரி, கூட இரண்டு பேர், கையில் இரும்புக் கம்பி. மாடியில் டிஷ்கள் காளான் மாதிரி முளைத்துக் கிடந்தன. எல்லாவற்றிலும் பெரியது கர்னலுடையது. கைப்பந்து ஆட்டம் பார்க்க என்பார். கட்டிடமே மூச்சை அடக்கியது. ஜன்னல் திரைகள் இழுபட்டன. அன்று முழங்கால் வலியென்று கடைக்குப் போகாமல் வீட்டிலிருந்த ஈராஜ் ஓடிப்போய்த் தொலைக்காட்சியை அணைத்தார்.

ஜலீல் போய் வீட்டுக் கதவை அகலமாகத் திறந்தார்.

"வாங்க, வாங்க. இந்தக் குளிர்ல இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. ஒரு வாய் தேநீர் குடிக்காம இந்த வாசலைத் தாண்டினா நான் உயிரோட இருந்து என்ன பிரயோசனம்?"

அதிகாரி கடமை என்றார். ஜலீல் கடமை தன் தலைமேல் என்றார். அதிகாரி நேரமில்லை என்றார். நேரமெல்லாம் உங்களுடையதுதான் என்றார் ஜலீல். மூன்றாவது மறுப்பு பலவீனமாக வந்தது. எவ்வளவு பெரிய உத்தியோகத்தில் இருந்தாலும் அவரும் ஒரு தாய் வளர்த்த பிள்ளைதானே. காலணியைக் கழற்றினார்கள். கம்பிகள் குடைக்கூடையில் சாய்த்து வைக்கப்பட்டன. ஒருவர் காலுறையில் கட்டைவிரல் தெரிந்தது.

தேநீருக்குப் பின் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. பள்ளி விடுமுறை நாளென்று வீட்டிலிருந்த மஹ்லகா பல்லைக் கடித்துக்கொண்டு கோழியும் சிரெஷ்க் சோறும் சமைத்தாள். சாப்பிட்டு எழுந்தவர்களை மூன்றாவது மாடிக்காரர் மாதுளை உரித்து வைத்து அழைத்தார். அங்கிருந்து டாக்டரம்மா வீட்டுக்கு. அவர் அதிகாரியின் கடைவாய்ப் பல்லைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்து, இனிப்பைத் தட்டில் வைத்தார். கடைசியில் கர்னல் வீடு. பொழுது சாயும் நேரத்தில் அதிகாரிக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது.

"மாடிக்குப் போகணுமே" என்றார், கெஞ்சுகிற குரலில்.

"போகலாமே. ஆனா மேல காத்து கத்தி மாதிரி வெட்டுது. வயிறு நிறைஞ்ச சூட்டோட போனீங்கன்னா நெஞ்சுல சளி கட்டும். உங்க வீட்டம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அதிகாரி வீட்டம்மாவை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். கம்பிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகிறபோது மரியாதைக்கு ஜலீலைத் தன் வீட்டுக்கு வந்து தங்கும்படி அழைத்தார். ஜலீல் மறுத்தார். அவர் மறுபடி அழைத்தார். படிக்கட்டு முழுக்க நின்றிருந்த ஜனங்கள் ஜலீல் ஒப்புக்கொள்ளக்கூடாதே என்று வேண்டிக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ள வேண்டுமே என்று வேண்டியவர் ஈராஜ் ஒருவர்தான். நாலாவது அழைப்பு வரவில்லை. அதிகாரி எண்ணத் தெரிந்தவர்.

அதன்பின் ஜலீலைக் கட்டிடமே தலையில் வைத்துக் கொண்டாடியது. அவருக்காக இன்னொரு கட்டில்கூட வந்தது. வசந்தத்தில் வரும் வருஷப் பிறப்புக்குப் பர்னாஸ் வருகிறாள் என்று செய்தி வந்த அன்று மஹ்லகா ஒரு முடிவுக்கு வந்தாள். ஜலீலை வரவேற்பறையில் உட்கார வைத்து எதிரே தானும் உட்கார்ந்தாள். ஈராஜ் தேநீர்த் தட்டோடு குறுக்கே வந்து, "அவசரமென்ன, ஐயா நம்ம வீட்டு வெளிச்சம்" என்று ஆரம்பித்தார். மஹ்லகா கையை உயர்த்தினாள். பள்ளிக்கூடத்தில் முந்நூறு பெண்களை அடக்குகிற கை.

"ஜலீல் ஐயா, என் பொண்ணு வரா. அவ அறை அவளுக்கு வேணும். நீங்க ஊருக்குக் கிளம்புங்க."

ஈராஜின் வம்சத்தில் இப்படி ஒரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை. ஜலீலின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. போச்சு, மனிதர் மனம் உடைந்துவிட்டது என்று ஈராஜ் பதறினார்.

"தங்கச்சி, நிஜமாவா சொல்றீங்க?" என்றார் ஜலீல். "நான் போகலாமா? ஆனா அந்தச் சத்தியம்?"

"தலை என் பொண்ணுது. பெத்தவ நான். சத்தியத்தை நான் திருப்பி எடுத்துக்கிட்டேன்."

அவ்வளவுதான், மனிதர் கொட்டித் தீர்த்தார். மூன்றாம் நாளிலிருந்தே அவருக்கு ஊர் நினைப்புத்தான். செடிகள் கவாத்து செய்யாமல் கிடக்கின்றன, மனைவி போனில் அவரை உயிரோடு புதைக்கிறாள், தெஹ்ரானில் வேறு குடும்பம் வைத்துவிட்டார் என்று பிர்ஜந்து முழுக்கப் பேச்சு. ஒவ்வொரு வாரமும் கிளம்ப வாயெடுத்தார், ஒவ்வொரு வாரமும் ஈராஜ் ஆணையை நினைவுபடுத்தினார். காந்தலைப் பற்றியும் சொன்னார். ஈராஜ் தட்டை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு இருவரில் யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. மஹ்லகா மட்டும் சிரிக்கவில்லை. பேருந்துச் சீட்டை வாங்கி வைத்திருந்தாள்.

ஜலீல் ஊர் போய்ச் சேர்ந்தார். பர்னாஸ் வந்து வருஷப் பிறப்பு கொண்டாடிவிட்டுத் திரும்பினாள். ஆனால் நிர்வாகி பதவி மட்டும் ஜலீலை விடவில்லை. அவர் விலகுவதாகச் சொன்னதைக் கூட்டம் மரியாதையோடு நிராகரித்துவிட்டது. திரும்பத் திரும்பச் சொன்னார், திரும்பத் திரும்ப நிராகரித்தார்கள். நார்மக்கில் குழாய் வெடித்தால் இப்போதும் பிர்ஜந்தில் போன் அடிக்கிறது. கர்னலும் டாக்டரம்மாவும் மாறி மாறி முறையிடுகிறார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கவாத்துக் கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் தீர்ப்புச் சொல்கிறார். பின்னணியில் அவர் மனைவி யாரையோ சபிக்கிற சத்தமும் கேட்கிறது.

ஈராஜ் முன்போலக் கடைக்குப் போய் வருகிறார். யாராவது விடுதி எங்கே என்று கேட்டால் விலாசத்தைச் சொல்லிவிட்டுச் சட்டென்று பின்னறைக்குள் போய்விடுகிறார். ஆனால் பழக்கம் லேசில் போகிறதா? ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மஹ்லகா பானையைக் கவிழ்த்துக் காந்தலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். முழுசாக, ஒரு துண்டுகூட உடையாமல் இருந்தது. ஈராஜ் தட்டை அவள் பக்கம் தள்ளி, "நீ எடுத்துக்கோ, எனக்கு அவ்வளவா பிடிக்காது" என்றார்.

மஹ்லகா எடுத்துக்கொண்டாள்.