‘பழைய புத்தகங்கள்’ என்று எழுதிய பெட்டி

1

“அப்புறம், அந்தம்மா கத்துனாங்களா?”

“கத்தியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும். சிரிச்சாங்க.”

கேட்டது நான், பதில் சொன்னது என் அண்ணி. இந்தக் கதை என் கற்பனையில் உதிக்கவில்லை, துணி மடித்துக்கொண்டே அண்ணி சொன்னது. இணையத்தில் விலையுயர்ந்த கைப்பைகள் விற்கும் கடையில் அவருக்குப் பார்சல் கட்டும் வேலை. பை வாங்குவது வீட்டில் தெரிய வேண்டாம் என்று கேட்பவர்களுக்கு, கடையின் பெயரே இல்லாத பழுப்பு அட்டைப்பெட்டி. அதன்மேல் பார்சல் கட்டுபவரே ஏதாவது ஒரு பொருளின் பெயரை எழுதிவிடுவார். அண்ணி வழக்கமாக எழுதுவது ‘தலையணை உறை’.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மழை ஓயாத ஒரு நகரத்தில், தன் பெயரை மறந்துவிட்ட ஒரு பெட்டி

(அண்ணி எட்டிப் பார்த்து, “பெட்டி எங்க மறந்துச்சு? நான்தானே எழுதல” என்றார். அதோடு விட்டுவிட்டேன்.)

நேராகவே சொல்கிறேன். எட்டு வருடம் வீட்டில் இருந்த ஒரு பெண் மறுபடி வேலைக்குப் போக நினைக்கிறாள். வியாழக்கிழமை நேர்காணல். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் இதைக் கணவனிடம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்குக் கொண்டுபோக ஒரு தோல் பை வாங்கினாள். குறிப்பில், ‘வீட்டில் யாரும் திறந்து பார்க்காத மாதிரி எதையாவது எழுதுங்கள்’ என்று கேட்டிருந்தாள்.

தலையணை உறை என்றால் யாராவது பிரித்துவிடலாம். அண்ணி என் அறையை நினைத்துக்கொண்டு ‘பழைய புத்தகங்கள்’ என்று எழுதினார்.

“உன் புத்தகத்த இந்த வீட்டுல யாராவது தொட்டிருக்கோமா? அந்தத் தைரியம்தான்.”

3

யாரும் திறக்கவில்லை. அவள் பெட்டியைப் பிரிக்காமலே பரணில் ஒளித்துவைத்தாள். கணவன் அவளுக்கு உதவியாகப் பரணைச் சுத்தம் செய்து, பெட்டியை அப்படியே தெருமுனை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தான். அதைப் பெருமையாகவும் சொன்னான்.

[இவனைக் கொடுமைக்காரனாக்கினால் கதை சுலபம். இரண்டு பக்கம் அப்படி எழுதிக் கிழித்துப்போட்டேன். பாவம், நல்லவன்.]

புதன்கிழமை மதியம் அவள் கடைக்குப் போன் செய்தாள். எடுத்த அண்ணியிடம் நேர்காணல் முதல் நூலகம் வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

“பார்சல் மாறிப்போச்சு, திருப்பி வாங்கிக் குடுங்கன்னு நீங்களே என் வீட்டுக்காரர்கிட்டப் பேசுறீங்களா?”

“பேசலாம்மா. பொய் எனக்குக் கைவந்த கலை, தினமும் பெட்டி மேல அதைத்தானே எழுதுறேன். ஆனா நாளைக்கு வேலை கெடச்சா, உங்க மேல என்ன எழுதி ஒட்டுறது?”

அப்போதுதான் அவள் சிரித்திருக்கிறாள். சிரித்துவிட்டு, “வேணாம்க்கா, நானே பாத்துக்கறேன்” என்று வைத்துவிட்டாள். அதற்குமேல் அண்ணிக்குத் தெரியாது.

4

ஒரு முடிவு: நூலகர் பெட்டியைப் பிரித்து, பையைத் தானே (வேண்டாம். எனக்கு நூலகர்களைப் பிடிக்கும்.)

இன்னொன்று: அவள் பழைய துணிப்பையோடு போயே வேலை வாங்கிவிடுகிறாள். இதை வாசித்ததும் அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஆசைப்பட்டு வாங்கின பை அவங்களுக்குக் கெடைக்கட்டுமே. உனக்கென்ன வலிக்குது?”

சரி. புதன்கிழமை மாலை ஆறு மணி. நூலகத்தை ஏழுக்குப் பூட்டுவார்கள். கணவன் வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றப் போகிறான். அவள் கதவருகே வந்துவிட்டாள். அவன் பதிலை நான் எழுதினால் அதில் என் குரல்தான் கேட்கும். அதனால் அதை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

“கழட்டாதீங்க. அந்த லைப்ரரி வரைக்கும் என்கூட வர்றீங்களா? போற வழியில உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”