பி.டி. மாஸ்டரின் வயிறு

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கோ-கோ ஆட்டத்துக்குக் கோடு போடக் குனிந்தபோது என் டிராக் பேன்ட் இடுப்பைவிட்டு நழுவியது. ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். மறு கையில் இருந்த சுண்ணாம்புப் பொடி மொத்தமும் ஷூவில் கொட்டியது. பிள்ளைகள் வரிசை கலைந்து சிரித்தார்கள். என் முன்னால் இப்படிச் சிரித்த எந்த வகுப்பும் மைதானத்தைச் சுற்றி ஓடாமல் தப்பியதில்லை. அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். பேன்ட் நழுவினால் வயிறு கரைகிறது என்று அர்த்தம். வயிறு கரைந்தால் மோலி பிழைப்பாள்.

மோலி என் மனைவி. நாங்கள் இருக்கும் மைசூரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். பாவம், மதுவின் வாசனைகூட ஆகாதவளுக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பாள், வீட்டு மனிதர் யாராவது தன் ஈரலில் ஒரு பங்கைக் கொடுக்கலாம், கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடும் என்றார் டாக்டர். மகள் நிக்கோலின் ரத்தம் சேரவில்லை. என்னுடையது சேர்ந்தது. நான் அங்கேயே சட்டையைக் கழற்றத் தயாராக இருந்தேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் என் ஈரல் முழுக்கக் கொழுப்பு. "இப்படியே எடுக்க முடியாது மாஸ்டர். கொழுப்பு போகணும். ஆனா பட்டினி கிடந்து சதையை இழந்துட்டு வராதீங்க. அளவாச் சாப்பிடுங்க, வெயிட் தூக்குங்க. ஈஸ்டர் முடிஞ்சதும் மறுபடி பார்ப்போம்" என்றார். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் தண்டால் எடுக்கச் சொல்லிவிட்டு மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை யார் கொடுக்க முடியும்?

மறுநாளே ஆரம்பித்தேன். பள்ளி திறக்கும் முன் மைதானத்தில் ஓட்டம். பிறகு விளையாட்டுச் சாமான் அறையைச் சாத்திக்கொண்டு, இரண்டு கையிலும் குண்டு எறிதல் குண்டுகளைப் பிடித்தபடி உட்கார்ந்து எழுவேன். முதல் வாரம் உட்கார முடிந்தது, எழ முடியவில்லை. மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் சித்தையன்தான் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவான். கொள்ளேகால்காரன், ஒல்லி, கேலிக்காரன். "மெதுவாங்க சார், குண்டு ஒடஞ்சா பிரின்சிபாலுக்கு நாந்தான் பதில் சொல்லோணும்" என்பான். சோறு பாதியானது. முளைகட்டிய பயறு, கொள்ளு, முட்டையின் வெள்ளை என்று தட்டே மாறிவிட்டது. சமையலை மட்டும் மோலி விடவில்லை. கால் வீங்கி நிற்க முடியாதவள், அடுப்பு முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செய்தாள். "எனக்காகத்தானே ஓடுறீங்க, கஞ்சியாவது என் கையால குடிங்க" என்றாள். காலையில் பிளாஸ்க் நிறைய ராகிக் கஞ்சி கொடுத்துவிடுவாள். என்ன ருசி! பத்தியச் சாப்பாட்டை இப்படிச் செய்ய என் மோலியால்தான் முடியும் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

பேன்ட் நழுவிய அன்று மாலை அதைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். எங்கள் வீட்டுத் தையல் எல்லாம் அவள்தான். "இடுப்பப் புடிச்சுக் கொடு மோலி" என்றேன். அவள் வாங்கவில்லை. "இருக்கட்டுங்க. வயிறு திரும்ப வரும், அப்பறம் பிரிக்கணும்" என்றாள். கேலி என்று நினைத்துச் சிரித்தேன். மறுநாள் விசில் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

அவள் சொன்னது பலித்தது. இறங்கிக்கொண்டிருந்த எடை நின்றது, பிறகு கொஞ்சம் ஏறவும் ஏறியது. பேன்ட் பழையபடி இடுப்பில் உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் உணவுமுறை சொல்லும் பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, "வெளியில ஏதாவது சாப்பிடறீங்களா சார்?" என்று கேட்டாள். மாதா மேல் சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை, நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். முட்டி வலிக்க வலிக்க இன்னும் இரண்டு சுற்று ஓடினேன். வீட்டில் மோலியின் கண்ணில் மஞ்சள் ஏறிக்கொண்டே போனது. என் உடம்பின் மேல் எனக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமில்லை.

ஒரு நாள் காலை அவளால் எழ முடியவில்லை. அசதி. தூங்கட்டும் என்று நானே கஞ்சி காய்ச்சினேன். ஒரு வாய் குடித்ததும் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு நினைவுக்கு வந்தது. பக்குவம் தப்பிவிட்டது என்று கொட்டிவிட்டு மறுபடி காய்ச்சினேன். அதே சுண்ணாம்பு. அப்போதுதான் கழுவி வைத்த மிக்ஸி ஜாரை எதற்கோ முகர்ந்து பார்த்தேன். முந்திரி வாசனை. ராகி டப்பாவுக்குப் பின்னால் முந்திரிப் பொட்டலமும் பாதி காலியான நெய் பாட்டிலும் இருந்தன.

அவளுடைய ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பொய் சொல்வானேன், கோபம் தலைக்கேறியது. உலுக்கி எழுப்பிக் கேட்டுவிடுவது என்றுதான் படுக்கை அறைக்குப் போனேன். வீங்கிய வயிற்றின் மேல் ஒரு கையை வைத்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மறு கை நான் படுக்கும் இடத்தில் கிடந்தது. இந்தக் கைதான் ஸ்டூலில் உட்கார்ந்து ரகசியமாக முந்திரி அரைத்திருக்கிறது. ஏன் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததை அவள் வாயால் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. போர்வையை இழுத்துவிட்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு அவள் கொடுத்த பிளாஸ்க்கைத் தினமும் வாங்கிக்கொண்டேன். பள்ளிக்குப் போனதும் சித்தையனிடம் கொடுத்துவிட்டு, அவன் கொண்டுவரும் ராகிக் களி உருண்டையில் பாதியையும், பருப்பு வெந்த தண்ணீரில் வைத்த உப்புச்சாறையும் சாப்பிட்டேன். வீட்டில் ராத்திரிக்குப் பயறு மட்டும் போதும் என்றேன். எடை மறுபடி இறங்கியது, விசில் கயிறு மறுபடி இடுப்புக்கு வந்தது. தோளும் தொடையும் இறுகின. கண்ணாடியில் யாரோ ஒரு அந்நியன் என் மீசையை வைத்துக்கொண்டு நின்றான். மோலி என்னை ஓரக்கண்ணால் பார்ப்பாள், மறுநாள் கஞ்சி இன்னும் கெட்டியாக வரும்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள், சித்தையன் ஒரு கட்டுத் தென்னங்குருத்தோடு வீட்டுக்கு வந்தான். மோலி சோபாவில் சாய்ந்திருந்தாள். அவன் குருத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

"அம்மா, உங்க கஞ்சிக்கு ஒரு கும்புடு போடோணும்னுதான் வந்தனுங்க. ஊருக்குப் போனா என்ற ஊட்டுக்காரி, மைசூர்ல உனக்கு ஆரு நெய்யூத்தி வளக்கறான்னு கேக்கறாளுங்க."

நான் பின்னாலிருந்து காட்டிய சாடை எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. ஒல்லிச் சித்தையனுக்குத் தொப்பை விழுந்திருந்தது. சட்டையின் கீழ்ப் பொத்தான் போட முடியாமல் திறந்து கிடந்தது. மோலி அந்தப் பொத்தானைப் பார்த்தாள், என் இடுப்புக் கயிற்றைப் பார்த்தாள். "நல்லா இருப்பா" என்று மட்டும் அவனிடம் சொன்னாள்.

அவன் போனபின் ஒரு குருத்தை எடுத்துச் சிலுவை முடைய ஆரம்பித்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நீ எழுந்திருக்க முடியாம தூங்கினியே, அன்னிக்கு."

"ஏன் கேக்கல?"

"நீ ஏன் சொல்லல?"

ஓலை கிழிந்தது. வேறொன்றை எடுத்தாள். "எங்க வார்டுல ஒருத்தர் தங்கச்சிக்குக் கொடுத்தாரு. தங்கச்சி நடந்து வீட்டுக்குப் போனா. அவரு போகல. அவரு சம்சாரம் என் கையப் புடிச்சுக்கிட்டு, 'இவரு நோயாளியே இல்லையே சிஸ்டர், இவரு நோயாளியே இல்லையே'ன்னு சொல்லிட்டே இருந்தா." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க நோயாளி இல்லைங்க."

"எல்லாருக்கும் அப்படியா ஆகுது?"

"இல்ல. ரொம்ப ரொம்ப அபூர்வம். எனக்குத் தெரியாதா? தெரிஞ்சா பயம் போயிடுமா?"

எனக்குப் பேசத் தெரியாது. மைதானத்தில் கத்தித்தான் பழக்கம். "நீ இல்லாத வீட்டுல இந்த வயித்த வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது மோலி?" என்றேன். சொல்லும்போதே சின்னப் பிள்ளைபோல் அழுதுவிட்டேன். அவள் என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வார்டில் நோயாளிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய கன்னடத்தில், "அளபேடி, சும்னிரி" என்றாள். அழாதீங்க, சும்மா இருங்க என்று. ஆனால் அவள் கண்ணீர்தான் என் காதில் விழுந்தது.

திங்கட்கிழமை பிளாஸ்க் வழக்கம்போல் மேஜையில் இருந்தது. பள்ளியில் திறந்து ஒரு வாய் குடித்தேன். அசல் சுண்ணாம்பு. எதிரே சித்தையன் டம்ளரோடு ஆசையாக நின்றான். அவனுக்கு ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காமல், பிளாஸ்க்கைத் தட்டித் தட்டிக் கடைசிவரை குடித்தேன்.

ஈஸ்டர் முடிந்து ஸ்கேனுக்குப் போக வேண்டிய காலையில், மோலி தையல் மிஷின் முன் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள். டிராக் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னாள். விசில் கயிற்றை அவளே அவிழ்த்தாள். அளவு நாடாவை என் இடுப்பைச் சுற்றிப் போட்டபோது அவள் கைகள் இரண்டும் பின்னால் போய் எளிதாகச் சேர்ந்தன. வெகு வருஷங்களாக அவை அப்படிச் சேர்ந்ததில்லை. கன்னத்தை என் வயிற்றில் வைத்து ஒரு நிமிஷம் அப்படியே இருந்தாள். நான் மூச்சை உள்ளே இழுத்தேன்.

"இழுக்காதீங்க. இருக்கறபடி நில்லுங்க" என்றாள்.

பேன்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஊசியில் நூலை நான் கோத்துக் கொடுத்தேன். மிஷின் மெதுவாக ஓடி நின்றது. தைத்த இடத்துக்கு வெளியே நான்கு விரல் அகலத்துக்குத் துணி மிச்சம் நின்றது. அதை உள்ளே மடித்து வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். எப்போதும் அப்படித்தான் செய்வாள். மோலி கத்தரிக்கோலை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, அந்த மிச்சத்தை முழுக்க வெட்டிக் கீழே போட்டாள்.