குடியிருப்பு மட்டும்

தாலுகா கச்சேரிக் குமாஸ்தா தில்லைநாயகத்தின் கை வழியாக ஒரு நாளைக்கு நூறு காகிதமாவது போகும். அதனாலேயே காகிதத்தின் மேல் அவனுக்குப் பயம் விட்டுப் போயிருந்தது. எழுதுவதும் கட்டி வைப்பதும் கரையான் தின்பதும் அவன் அன்றாடம் பார்ப்பவை. அப்படிப்பட்ட ஒரு காகிதம்தான் அவனுடைய அக்காவின் அடுப்பை அணைத்தது.

அக்கா நெல்லையம்மாள் இருபத்திரண்டு வயதில் தாலியை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். பெற்றோரும் போய்ச் சேர்ந்த பிறகு, பத்து வயதுத் தம்பியை வளர்க்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி சமையல். கோவிலுக்கு மேற்கே, தங்கள் சொந்த வீட்டு முன்கூடத்தில் சாப்பாட்டுக் கடை வைத்து இலை போட்டாள். கச்சேரி ஆட்கள், வாத்தியார்கள், வாய்தாவுக்கு வந்தவர்கள் என்று தினமும் முப்பது இலை விழும். பரிமாறுவதும் எடுப்புச் சாப்பாடு கொண்டு போவதும் வேலைக்காரி முத்துத்தாய். அக்கா அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். அந்தச் சோற்றில்தான் தில்லைநாயகம் படித்தான், வேலைக்குப் போனான்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் பங்குனி மாதத்தில் அவனுக்குப் பெண் பேசி, புளியங்குடி எலுமிச்சை வியாபாரி குற்றாலிங்கம் பிள்ளை மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார். அன்றைக்கு மட்டும் கடைக்கு விடுமுறை. இலைக்கட்டும் பலகைகளும் கொல்லைக்குப் போயின. முன்கூடத்தில் சமுக்காளம் விரித்திருந்தார்கள். காப்பி குடித்துக்கொண்டிருந்த வேளையில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். திருநெல்வேலியிலிருந்து நகரமைப்புத் திட்டத்துக்காகக் கணக்கெடுக்க வந்தவர்.

"இந்தக் கட்டடம் என்னத்துக்கு உபயோகமாகுது? வீடா, கடையா, பட்டறையா?"

தில்லைநாயகம் சட்டென்று எழுந்து வாசலுக்குப் போனான். உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று சற்று உரக்கவே சொன்னான்:

"குடியிருப்பு மட்டும்தான். கடை கிடையெல்லாம் ஒண்ணும் கிடையாது."

அவர் எழுதினார். அவன் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். குற்றாலிங்கம் பிள்ளை காப்பியை ஆற்றிக்கொண்டே அவனை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பெண்டாட்டி சண்முகசுந்தரியை அழைத்துக்கொண்டு தில்லைநாயகம் கீழத்தெருவில் வாடகை வீட்டுக்குப் போனான். ஒரே வாரத்தில் அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"மதினி சோறு போடுததுல என்ன கேவலம்? ஏன் மறைக்கணும்?" என்றாள்.

"உங்க அப்பா காதுக்குப் போக வேண்டாம், சுந்தரி. கடைக்காரி தம்பிக்கா பொண்ணைக் குடுத்தோம்னு நினைச்சிருவாரு."

அவள் அவனை அதிசயமாகப் பார்த்தாள். ஆனாலும் புருஷன் கேட்டுக்கொண்டதற்காகப் பேசாமல் இருந்துவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, பஞ்சாயத்து போர்டு வாசலில் ஊரின் படம் ஒன்றை ஒட்டினார்கள். ரதவீதியும் பஜாரும் நீலம், அது வியாபாரத்துக்கு. ரயிலடிப் பக்கம் பஞ்சாலைகள் இருந்த இடம் ஊதா. வயலும் தோட்டமும் பச்சை. மற்றதெல்லாம் மஞ்சள், அது குடியிருப்பு. மஞ்சளில் வீடு கட்டலாம், பள்ளிக்கூடம் நடத்தலாம், வைத்தியர் தன் வீட்டிலேயே நாடி பார்க்கலாம், ஒன்றிரண்டு தறி போட்டு நெய்யலாம். செக்கு, விறகுக்கடை, சாப்பாட்டுக் கடை கூடாது. கணக்கெடுத்த நாளில் ஏற்கனவே நடந்துவந்த தொழிலாக இருந்தால் மட்டும் தொடர்ந்து நடத்தலாம். ஆட்சேபம் உள்ளவர்கள் அறுபது நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். குடும்பத்தைச் சேராத ஒருவரின் சாட்சியும் வேண்டும்.

"நம்ம தெரு மஞ்சளாம்லா, முத்துத்தாய் சொல்லுதா," என்றாள் அக்கா, அவனுக்கு மோர் ஊற்றிக்கொண்டே. "ஏதோ எழுதிக் குடுக்கணுமாமே."

"நான் பாத்துக்கிடுதேன்க்கா."

அன்றைக்கே எழுதவும் உட்கார்ந்தான். எழுதுவதென்றால், கணக்கெடுத்த அன்று நான் சொன்னது பொய் என்றுதான் தொடங்க வேண்டும். ஏன் சொன்னேன் என்று காரணமும் காட்ட வேண்டும். வந்த ஆட்சேபங்களைக் கச்சேரிப் பலகையில் ஒட்டுவார்கள். அந்தப் பலகையைத் தாண்டித்தான் மாமனார் மாதம் இரண்டு தடவை பத்திர வேலைக்குப் போய்வருகிறார். தில்லைநாயகம் பேனாவை மூடி வைத்தான். நாளைக்கு எழுதலாம் என்றிருந்தான். அப்படியே நாளைக்கு, நாளைக்கு என்று அறுபது நாளும் ஓடிப்போயின. அக்கா அதற்கப்புறம் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

கார்த்திகையில் உத்தரவு வந்தது. முப்பது நாளைக்குள் கடையை மூட வேண்டும். அப்போதுதான் அவன் அலறிப் புடைத்துக்கொண்டு அதிகாரியிடம் ஓடினான்.

"வெளியாள் யாராவது வந்து கேட்டா நியாயம்," என்றார் அவர். "நீங்க கச்சேரிக்காரர். தேதியும் தெரியும், கையெழுத்தும் உங்களது. நான் என்ன பண்ண?"

பஜாரில் கடை பிடிக்கலாம் என்று முத்துத்தாய் சொல்லிப் பார்த்தாள். அடுப்படிக்கு அந்தப் பக்கம் முகம் காட்டாத நெல்லையம்மாள் பஜாரில் போய் எப்படி உட்காருவாள்?

கடை மூடிய மறுவாரமே, மகள் சொல்லிக் கேள்விப்பட்டு, குற்றாலிங்கம் பிள்ளை வந்தார். நேரே அக்காவின் வீட்டுக்குத்தான் வந்தார். தில்லைநாயகமும் அங்கே இருந்தான். இலை விழாத முன்கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பெரியவர் உட்கார்ந்தார்.

"சாட்சி வேணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா மாப்ளே? நாப்பத்தெட்டுல ஒரு வழக்குக்காக இங்கன பதினோரு நாள் அலைஞ்சேன். பதினோரு நாளும் உங்க அக்கா வீட்டு எடுப்புச் சாப்பாடுதான். கோர்ட்டு வேப்பமரத்தடிக்கே வந்துரும். ஒரு நாள் வயித்துக்குச் சேரலைன்னு சொல்லி அனுப்பினேன். மறுநாள் எனக்குன்னு தனியா மிளகு ரசமும் குழைஞ்ச சோறும் வந்துது. முன்னப் பின்ன பாத்திராத ஆளுக்கு."



"அப்பவே உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"தெரிஞ்சுதானே வந்தேன். அந்தக் கை வளர்த்த பிள்ளைன்னு கேட்டுத்தான் எம் பொண்ணைக் குடுத்தேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்க வாசல்ல போய்க் கடையே கிடையாதுன்னுட்டீங்க. மறைக்க நினைக்கிற மனுசங்கிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லி, சம்பந்தம் பேச வந்த இடத்துல அவமானப்படுத்தவா? நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவர் போன பிறகு தில்லைநாயகம் அடுப்படி நிலைப்படியில் போய் நின்றான். அக்கா பெரிய அண்டாக்களைத் துடைத்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னதை அன்னைக்கு இங்க நின்னு கேட்டேன் தம்பி," என்றாள், திரும்பாமலே. "நானே வந்து கடைதான்னு சொல்லியிருக்கலாம். கல்யாணம் நின்னுருமோன்னு வாயை மூடிக்கிட்டேன். படம் ஒட்டினப்பவும் அப்படித்தான். நான் போய் எழுதிக் குடுத்தா நீ பொய்யனாயிருவ."

"என்னைத் திட்டிரு அக்கா."

"திட்டி என்ன வரப் போகுது."

எங்களோடு வந்து இருங்கள் என்று சண்முகசுந்தரி கையைப் பிடித்து அழுதாள். நெல்லையம்மாள் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "மூணு பேருக்குப் பொங்கிட்டு மீதிப் பொழுதுக்கு நான் என்ன செய்ய மக்கா?" என்றாள். திருநெல்வேலியில் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்றில் சமையலுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். ஒரு டிரங்குப் பெட்டியோடு சனிக்கிழமை பஸ் ஏறினாள். வண்டி புறப்படும்போது ஜன்னல் வழியாகத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"கடை மூடுனதை எல்லாருக்கும் சொல்லியாச்சு. ஏசுதாசன் வாத்தியாருக்குத்தான் சொல்லலை. அம்மைக்கு முடியலைன்னு லீவுல ஊருக்குப் போயிருந்தாரு. திங்கக்கிழமை பசியோட வந்து நிப்பாரு. நீ இருந்து சொல்லிரு."

திங்கட்கிழமை மத்தியானம் தில்லைநாயகம் பூட்டிய வாசலில் காத்திருந்தான். பன்னிரண்டே முக்காலுக்கு வாத்தியார் குடையை மடக்கிக்கொண்டே படியேறினார்.

"என்ன அண்ணாச்சி, பூட்டியிருக்கு? அக்காவுக்குச் சுகமில்லையா?"

"கடை இனிமே கிடையாது சார். இந்தத் தெருவுல நடத்தக் கூடாதுன்னு உத்தரவு."

"இத்தனை வருசமா நடந்த கடையை எப்படி மூடச் சொல்லுவான்? ஊரே சாட்சி சொல்லுமே. யார் செஞ்ச வேலை இது?"

தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். தில்லைநாயகம் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

"நான்தான் சார். எங்க அக்கா சோறு வித்து என்னை வளர்த்தான்னு சொல்ல வெக்கப்பட்டேன்."

வாத்தியார் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தார். பிறகு, "பஜார்ல எங்கயாவது இலை இருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குடையை விரித்து வெயிலில் இறங்கினார்.