அறுபத்தொன்பதுக்கு மேல்

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரத்துக் கம்ப்யூட்டர் மாலின் நான்காம் மாடியில் சனிக்கிழமை மதியம் போட்டி. ஒரு புராசஸரை எவ்வளவு வேகத்துக்கு விரட்ட முடியும் என்பதுதான் பந்தயமே. விரட்டினால் மட்டும் போதாது. அந்த வேகத்தில் அது மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு சான்றுக் கோப்பைச் சேமித்து, பென் டிரைவில் ஏற்றி, நடுவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காதவன் நிலாவைத் தொட்டேன் என்றாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

விசைப்பலகையில் நெந்தென். புராசஸர் மேல் உட்கார்ந்திருந்த செப்புக் குவளையில் திரவ நைட்ரஜனை ஊற்றுவது யாயட். அவளைவிட எட்டு வயது மூத்தவன், அதனால் அவளுக்கு அவன் 'காங்', அண்ணன் மாதிரி. அவனுக்கு அவள் 'நெங்', தங்கச்சி மாதிரி. மூன்று வருடமாக ஜோடி போட்டு ஆடுகிறார்கள், மூன்று வருடமாகத் தோற்கிறார்கள். காரணம் ஊருக்கே தெரியும். யாயட்டுக்கு நிறுத்தத் தெரியாது. நல்ல எண் வந்து நிற்கும்போது பின்னாலிருந்து எட்டி, இன்னும் ஒன்று ஏற்றி, மொத்தத்தையும் உறைய வைத்துவிட்டு ஈயென்று இளிப்பான். அதனால்தான் இந்த வருடம் அவனை விசைப்பலகைப் பக்கமே விடவில்லை.

இந்த முறை நெந்தெனுக்கு இது விளையாட்டு இல்லை. தைவானில் மதர்போர்டு செய்யும் கம்பெனி ஒன்றிலிருந்து கோ ஹெங்கி வந்திருந்தார். மேடான்காரர், சீன வம்சம், அதனால் மரியாதைக்கு எல்லோரும் 'கோ' என்பார்கள். சோதனைக்கூடத்துக்கு ஆள் தேடுகிறார். "முதல் ரெண்டு எடத்துக்குள்ள வா, வேலையப் பத்திப் பேசுவோம்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார். அதே மாலின் கீழ்த்தளத்தில் ஆறு வருடமாகப் பிரிண்டருக்கு மை நிரப்பிக் கொடுக்கிறாள் நெந்தென். நகக்கண்ணில் ஏறிய நீலம் ரம்ஜானுக்குக்கூடப் போவதில்லை. அந்த வேலை அவளுக்குச் சலித்துப்போய் வெகுநாளாகிறது.

சுரபாயா அணி ஏழாயிரத்தைத் தாண்டிப்போய் முதலிடத்தில் உட்கார்ந்துவிட்டது. அவர்களை விடுங்கள். இரண்டாமிடத்தில் செமாராங், 6903. நெந்தென் கொடுத்திருந்த கோப்பு 6900. வெறும் மூன்று!

"மூணு மெகாஹெர்ட்ஸ்ல மண்ணைக் கவ்வப் போறோம்" என்றான் யாயட்.

"வாய மூடிக்கிட்டு ஊத்து காங்."

கணக்கு எளிது. அடித்தாளம் நூறு, பெருக்கி அறுபத்தொன்பது, ஆக 6900. பெருக்கியை எழுபது என்று முதலிலேயே வைத்துவிட்டால் இயந்திரம் எழவே எழாது. அதனால் ஐம்பத்திரண்டில் எழுப்பி, விண்டோஸ் வந்த பிறகு ஒரு சின்ன மென்பொருளால் ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள், மாட்டைத் தட்டிக்கொடுத்து மேடேற்றுகிற மாதிரி. அறுபத்தொன்பது வரை சமத்தாக வந்தது. எழுபதில் இரண்டு தடவை உறைந்தது. போட்டி முடிய இன்னும் ஆறு நிமிடம்.

கோ ஹெங்கி அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். நெந்தென் திரும்பவில்லை. பெருக்கியைத் தொடாமல் பக்கத்துக் கட்டத்துக்குப் போனாள். அடித்தாளத்தை நூறிலிருந்து நூறு புள்ளி ஒன்றுக்கு நகர்த்தினாள். பொட்டளவு.

6906.

"அட!" என்றார் கோ ஹெங்கி.

எண் அசையவில்லை. சேமித்தாள். திரையில் கோப்பு வந்து உட்கார்ந்தது. அதே நேரம் சுரபாயா மேசையில் ஏதோ ஆரவாரம். கோ ஹெங்கி தலையாட்டிவிட்டு அங்கே நடந்தார்.

"நெங், காப்பி பண்ணு" என்றான் யாயட். "பண்ணிக் குடுத்துட்டு எழுந்திரு. போய் பத்தகோர் சாப்புடலாம், பசி கொல்லுது."

சொன்னது யாயட்! அவன் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. பென் டிரைவ் அவள் இடது கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. எடுத்துச் செருகினால் முடிந்தது.

ஆனால் அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குவளையின் குளிர் மைனஸ் நூற்றெண்பத்திரண்டு டிகிரி. துளி நடுக்கமில்லை. இன்றைக்கு முழுக்க அந்தச் சில்லு இவ்வளவு அமைதியாக நின்றதே இல்லை. இப்போது எழுபது போட்டால் ஏழாயிரம். ஏழாயிரம் என்று பெயருக்குப் பக்கத்தில் எழுதினால் கோ ஹெங்கி வேலையைப் பற்றிப் பேச மாட்டார், நேரே பயணச்சீட்டே போடுவார் என்று தோன்றியது. மூன்று வருடமாக யாயட்டைத் திட்டித் தீர்த்தவளுக்கு அவனுடைய அரிப்பு என்னவென்று அந்த நிமிடம்தான் புரிந்தது.

"நெங், வேணாம்..."

பெருக்கிக் கட்டத்துக்குப் போய், மேல்நோக்கிய அம்பை ஒரே ஒரு தடவை அமுக்கினாள்.

திரை அப்படியே நின்றது. சுட்டியை ஆட்டினாள், அசையவில்லை. அவ்வளவு குளிரில் இயந்திரம் மறுபடி எழாது, யாயட் கேஸ் சுடரைக் குவளையில் காட்டிச் சூடேற்றினான். திரும்ப எழுப்ப இரண்டரை நிமிடம் போயிற்று. கோப்பு இருந்தது. பெயர் இருந்தது, நேரம் இருந்தது. அளவு மட்டும் பூஜ்யம். டிஸ்க்கில் எழுதி முடிப்பதற்குள் உறைந்திருக்கிறது. வெறும் கூடு. மறுபடி ஏற்ற ஆரம்பித்தாள், அறுபத்தொன்றுக்கு வரும்போது மணி அடித்துவிட்டது.

கைக்கு எட்டியது. வாய்க்குப் போகும் முன் தானே தட்டிவிட்டாள். அழுகை வந்தது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கோ ஹெங்கி பலகையில் 6900 என்று பார்த்துவிட்டு வந்தார். "6906ஐ நான் கண்ணால பாத்தேனே! அந்தக் கோப்பு எங்க?"



"போச்சு கோ" என்றான் யாயட், குவளையைத் துடைத்தபடி. "எழுபது பாக்கலாம்னு நான்தான் கை நீட்டி அமுக்கிட்டேன்."

"நெனச்சேன்! உன் பேரு ஜகார்த்தா வரைக்கும் நாறுதுய்யா" என்று சிரித்தார் கோ ஹெங்கி. பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்?

அவர் நெந்தென் பக்கம் திரும்பினார். "ரெண்டாமெடம் கெடக்கட்டும். எங்க கூடத்துல ஏற்கெனவே ஆறு பேரு இருக்காங்க, ஆறும் இவன மாதிரி. விட்டா சுவத்துல முட்டிக்கிட்டுத்தான் நிப்பாங்க. எனக்கு எங்க நிறுத்தணும்னு தெரிஞ்ச ஆளுதான் வேணும். பெருக்கிய விட்டுட்டு அடித்தாளத்துக்குப் போன பாரு, அது மூளை. திங்கக்கெழம எனக்குப் போன் பண்ணு."

நெந்தென் யாயட்டைப் பார்த்தாள். அவன் கண்ணைத் தூக்கவில்லை. 'பேசாம இரு' என்று சொல்வதைப் போல தலையை மெல்ல ஆட்டினான். அவனுக்கென்ன, கடை இருக்கிறது, மனைவி இருக்கிறாள், தைவான் அவன் கனவிலும் இல்லை. ஏற்கெனவே நாறின பேர். அவள் பேசாமல் இருந்தால் மட்டும் போதும்.

"அவரு எப்பவுமே இப்படித்தான் கோ" என்றாள் நெந்தென். "எவ்வளவு சொன்னாலும் ஏறாது. இவரால நான் இழந்தது கொஞ்சநஞ்சமில்ல."

அந்த ஒரு வரியை யாரும் அவளிடம் கேட்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. துடைத்துக்கொண்டிருந்த யாயட்டின் கை நின்றது.

கோ ஹெங்கி அவன் தோளில் தட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். யாயட் துணியை மடித்து வைத்தான், குவளையைப் பெட்டிக்குள் வைத்தான், பென் டிரைவை எடுத்து அவள் பக்கமாகத் தள்ளினான்.

"காங்" என்றாள்.

"பெட்டிய நானே கீழ எடுத்துட்டுப் போயிடுறேன்" என்றான் அவன். "நீங்க கெளம்புங்க."

மூன்று வருடத்தில் அவன் அவளை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.